நடுச் சீட்டு

நடுச் சீட்டுக்காரங்க மட்டும் இந்த நீல அங்கியப் போட்டுக்கிடணுமாம். ஜன்னல் பக்கம் இருக்கவருக்கு வேண்டாம், நடைபாதைப் பக்கம் இருக்கவளுக்கு வேண்டாம், நடுவுல இருக்க எனக்கு மட்டும் வேணும், ஏன்னா ரெண்டு பக்கத்து மூச்சும் என் மேலதான் வந்து விழும்னு எவனோ உக்காந்து யோசிச்சிருக்கான். சரி, போட்டுட்டாப் போச்சு. சேலைக்கு மேல அங்கி, மூக்குக்கு மேல மாஸ்க், அந்த மாஸ்க்குக்கு மேல இன்னொரு மாஸ்க், அதுக்கும் மேல நெத்தியில பட்டை கட்டி மூஞ்சிக்கு முன்னால தொங்குற கண்ணாடித் தாள். மூச்சு விட்டா மங்குது, இழுத்தா தெளியுது, மங்குது, தெளியுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தா கோட்டி பிடிச்சிரும். பணிப்பெண் பிள்ளைங்க தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, கண்ணு மட்டுந்தான் வெளிய, சிரிக்காளா முறைக்காளான்னு சொல்ல முடியல. சாப்பாடு கிடையாது, பேப்பர் கிடையாது, சீட்டுல ஒரு தண்ணி பாட்டில் வச்சிருக்கு, அதையும் மாஸ்க்கக் கழத்திக் குடிக்கணும்னா யோசிச்சிக் குடிங்கன்னு மைக்குல சொல்லுதா. சொல்லட்டும். ஏறும்போது நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ண நீட்டினான், சூடு இல்லன்னான். எனக்கு எதுக்குச் சூடு இருக்கப்போவுது? ஆவுடையம்மா கல்யாணச் சமையல்னு திருநெல்வேலிப் பக்கத்து ஆளுககிட்ட, அது தாம்பரமா இருந்தாலும் சரி டெல்லியா இருந்தாலும் சரி, கேட்டுப் பாருங்க. முப்பது வருசமா எண்ணெக் கொப்பரைக்குப் பக்கத்துல நிக்கேன், ஒரு தும்மல் போட்டவ கிடையாது. மார்ச்சுல ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க டெல்லிக்கு வந்தவ, என் ஆளுகள எல்லாம் ரயிலேத்தி அனுப்பிட்டு மறுவீட்டு விருந்துக்கு மட்டும் நான் நின்னேன், நின்ன இடத்துல நாட்டையே பூட்டிட்டான். இந்தா, இப்பத்தான் பிளேனு விட ஆரம்பிச்சிருக்கு, இந்தா, ஏறிட்டேன். மத்தியானம் சென்னை, அங்கன இருந்து நங்கநல்லூரு கூப்பிடு தூரம்.

அவரு ஏர்போர்ட்டுக்கே வந்து நிப்பேங்காரு. வராதிய அத்தான்னு காலையிலயும் சொன்னேன். அத்தை மகனக் கட்டினதுல இது ஒரு தொல்லை, பிறந்ததுல இருந்து என்னத் தெரியும், என் மிரட்டல் எந்த அளவுக்கு மிரட்டல்னும் தெரியும். “நீ வா, நான் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நிப்பேன், உன்ன ஒரு தடவ பாக்கணும், அம்புட்டுத்தான்” அப்படின்னாரு. ஒரு தடவ பாக்க வாற மனுசன் கம்பிக்கு அந்தப் பக்கம் நிப்பாராக்கும். தாணுமூர்த்தியப் பத்தி எனக்குத் தெரியாதா. நாலு வருசத்துக்கு முன்னால அவருக்கு ரெண்டு கிட்னியும் போயி, என்னோடது ஒண்ண எடுத்து வச்சாங்க. எடுக்கும்போது ஆளாளுக்கு என்னப் பயமுறுத்தினாங்க, பொம்பள உடம்பு, வெயிட்டு தூக்குற தொழிலு, யோசிச்சிக்கோன்னு. இதுல யோசிக்க என்ன இருக்கு? இருக்கது ரெண்டு, ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்லுதான், இன்னொண்ண வச்சிக்கிட்டு வட்டிக்கா விடப்போறேன்? குடுத்தேன், மூணாம் மாசம் கொப்பரைக்கிட்ட வந்து நின்னேன். அது அவரு உடம்புல நல்லாத்தான் வேலை பாக்கு. ஆனா அடுத்தவ பொருள உடம்பு அவ்வளவு லேசுல ஏத்துக்கிடாதாம், சண்டை போடுமாம், அந்தச் சண்டைக் குணத்த அமுக்கி வைக்கத்தான் தெனமும் மாத்திரை. அதனால வேற எந்தக் கிருமி வந்தாலும் சண்டை போட அவருகிட்ட ஆளு இல்ல. போன்ல அந்த டாக்டர் ஒளிக்காமச் சொல்லிட்டாரு, அம்மா, மத்தவங்களுக்கு வந்தா காய்ச்சல், சாருக்கு வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. அதுக்கு அப்புறம் நான் எப்படி இருந்திருப்பேன்னு நினைக்கிய? காயி வாங்கினா உப்புத் தண்ணியில போட்டேன், பால் பாக்கெட்ட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன், நான் தங்கியிருந்த கல்யாண வீட்டுக்காரி கிரிஜா சிரிச்சா. சிரிச்சிக்கோ தாயி, உனக்கு என்ன.

பக்கத்துல ஜன்னல்காரரு மறுபடியும் அடிக்காரு. ஏறினதுல இருந்து இதே சோலிதான், சட்டைப் பையில ஒரு சின்னக் குப்பி, கைப்பிடியில அடிக்காரு, முன் சீட்டு முதுகுல அடிக்காரு, பெல்ட்டுக் கொக்கியில அடிக்காரு, அவரு ஷூவுல கூட அடிச்சத நான் பாத்தேன். சர்க்கார்ல ஏதோ பெரிய உத்தியோகம்னு பாத்தாலே தெரியுது, கையில ரப்பர் உறை, மடியில மூடி போட்ட பெட்டி. “அண்ணாச்சி, எனக்கும் கொஞ்சம்”னு கைய நீட்டினேன், சும்மா ஒரு பேச்சுக்கு. தூக்கிப் பிடிச்சி ரெண்டு அடி அடிச்சாரு, உள்ளங்கை ஜில்லுன்னு ஆச்சு. தேய்ச்சேன். ஜில்லு இருந்துச்சு, ஈரம் இருந்துச்சு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில ஊசி போடுதுக்கு முன்னால பஞ்சுல தடவுவாளே, அந்த வாசம் வரணுமே? ரெண்டு மாஸ்க் போட்டிருக்கேன், எங்கருந்து வரும். அதுக்குத்தானே மாஸ்க்கே. அப்படிப் பாத்தா நல்ல மாஸ்க்கு, குடுத்த விலைக்கு மோசமில்ல. ஆனா வலது பக்கத்துல இருக்க பிள்ளை, நடைபாதைச் சீட்டுக்காரி, அவளும் ரெண்டு மாஸ்க்தான் போட்டிருக்கா, அவ சட்டுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, “அப்பப்பா, என்னா நெடி, கண்ணு எரியுது”ங்கா. பேச்சு மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு. பேரு ஜெனிதா, டெல்லியில நர்ஸ், இந்த நோய் வார்டுலயே நின்னுட்டு இப்பத்தான் லீவு குடுத்தாங்கன்னு ஏறினதுமே சொல்லிட்டா. அவளுக்கு நெடி தெரியுது. சரி, அவ மாஸ்க்கு லேசா இருக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்கு கூர்மை.

என்ன பேச்சு பேசுதேன்! எனக்குக் கூர்மை இல்லாத மூக்கா? என் தொழிலே மூக்குதான். எங்க ஆளுக சமையல்ல, சமைக்கவ நாக்குல வச்சுப் பாக்கப்பிடாது. பிள்ளையாருக்கு ஒரு எல போட்டு, பந்தி பரிமாறி, கடைசிப் பந்தியும் எந்திரிச்ச பிறகுதான் நம்ம வாயில வைக்கலாம், அதுக்கு முன்னால வச்சா எச்சில். அப்போ உப்பு எப்படிப் பாப்பிய? எல்லாரும் கேப்பாங்க. ஆவிய இப்படிக் கையால அள்ளி மூக்குக்கிட்ட கொண்டு வரணும். உப்பு இல்லாத ஆவி மொட்டையா இருக்கும், உப்பு விழுந்து ஒரு கொதி வந்ததும் அதுக்கு ஒரு முனை வந்துரும், அத வார்த்தையில சொல்ல முடியாது. புளி பத்தலன்னா ஒரு மாதிரி, பருப்பு வேகலன்னா ஒரு மாதிரி. மறுவீட்டுக்குச் சொதி வைக்கும்போது தேங்காப்பால் ஒரு நொடி கூட நின்னாலும் திரிஞ்சிரும், திரியுறதுக்கு முன்னால அது ஒரு வாசம் விடும், மூக்குக்காரிக்கு மட்டுந்தான் கேக்கும், நான் ஓடிப்போயி இறக்கிருவேன். ஆயிரம் எல போட்டிருக்கேன், ஒரு எலையில இருந்தும் உப்புக் கொண்டாங்கன்னு குரல் வந்தது கிடையாது. நேத்து வரைக்கும். நேத்து, ஆங்… நேத்து கிரிஜாவோட மாமனாரு உப்புக் கிண்ணத்த இழுத்தாரு. சவத்த விடு, அதுக்கு என்ன, எம்பது வயசு ஆளு, நாக்கு செத்துப்போச்சு, கல்லப் போட்டாலும் உப்பு பத்தலம்பாரு. உள்ளுக்குள்ள எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, கிளம்புற அன்னைக்கு முந்தின நாளு, இவங்களுக்காக ஆசையா வச்ச சொதி. கிரிஜா ரெண்டாவது தடவ ஊத்திக்கிடல. வயிறு சரியில்லம்மான்னா.

மைக்குல மறுபடியும் அதே பாட்டு, சீட்ட விட்டு எந்திரிக்காதீங்க, கூட்டம் கூடாதீங்க, கக்கூஸுக்குப் போகணும்னா மணிய அடிங்க, ஒருத்தர் திரும்பி வந்த பிறகு ஒருத்தர். வெளிய மேகம் வெள்ளையா கிடக்கு. முந்தாநாளு பாலு. அந்தப் பாலு எதுக்கு இப்போ ஞாபகத்துக்கு வருதுன்னு தெரியல. அடுப்புல பால வச்சிட்டு நான் பக்கத்துலயே நின்னு முருங்கைக்கீர ஆஞ்சிக்கிட்டு இருக்கேன், முன் ரூம்ல இருந்து கிரிஜா ஓடி வாரா, அம்மா அடிப்பிடிச்சிட்டு அடிப்பிடிச்சிட்டுன்னு. அடிப்பிடிச்சாத் தெரியாதா எனக்கு, நான் என்ன தூங்கிக்கிட்டா நிக்கேன்னு சத்தம் போட்டேன். நல்லாச் சத்தம் போட்டேன். அவ அடுப்ப அணைச்சா. பாத்திரம் கருப்பாத்தான் இருந்துச்சு. கருப்பா இருந்ததப் பாத்தேன்ல, பாத்துட்டு என்ன நினைச்சேன்? இந்த ஊரு பாத்திரம் அடி மெல்லிசுன்னு நினைச்சேன். மெல்லிசுதான், அதுல சந்தேகம் இல்ல. காலையில குடிச்ச காப்பி? காப்பி சூடா இருந்துச்சு. வாசமா இருந்துச்சா? அவசரத்துல குடிச்சேன், டாக்ஸி வந்து நின்னுட்டு, ஒரே மடக்கு. அதுக்கு முந்தின நாள் காப்பி? என்னத்தப் போட்டு மனசு இப்படித் தோண்டுது, பிளேன்ல வேற வேலை இல்லன்னா இதான் பிரச்சினை. உக்காரவச்சிட்டா நம்ம பொம்பளைங்களுக்கு இல்லாததும் வரும். நாலு தேங்காயாவது துருவக் குடுத்திருக்கணும். தலையத் திருப்பி ஜெனிதா தலைமுடிப் பக்கம் மெதுவா இழுத்துப் பாத்தேன், எண்ணெ வச்சுப் பின்னியிருக்கா, தேங்கா எண்ணெ வாசம் இத்தனை கிட்டத்துல மாஸ்க்குக்குள்ளயும் வரத்தான் செய்யும். அவ திரும்பி என்னப் பாத்தா. “என்ன எக்கா?” “ஒண்ணும் இல்ல பிள்ள, கழுத்து பிடிச்சிக்கிட்டு.” ரெண்டு மாஸ்க்கு இல்லா, அதான். மாஸ்க்கக் கழத்திப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சிரும். இங்கன கழத்தினா ஜன்னல்காரரு பிளேன விட்டே குதிச்சிருவாரு.

மணிய அடிச்சேன். ஜெனிதா கால ஒடுக்கிக்கிட்டு வழி விட்டா. அங்கியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு பின்னால போனேன், ஆளுக சீட்டுல சாஞ்சிக்கிட்டாங்க, நான் போற வழியில எல்லாம் முகம் அந்தப் பக்கம் திரும்புது. கதவச் சாத்தினேன், தாள் போட்டேன், கண்ணாடித் தாளக் கழத்தி மாட்டினேன், ரெண்டு மாஸ்க்கையும் கீழ இறக்கினேன். அடடா, மூஞ்சிக்குக் காத்து! நல்லா இழுத்து விட்டேன். எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கான்னு முதல்ல தோணுச்சு. பிளேன் கக்கூஸுன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், துபாய்க்குச் சமைக்கப் போயிருக்கேன், மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள போகணும், அதுலயும் ரெண்டு மணி நேரம் பறந்த பிறகு கேக்கவே வேண்டாம். நோய் வந்தாலும் வந்துச்சு, ஆளுகளுக்குச் சுத்தம் வந்துட்டு, ஒரு வாடை உண்டா, ஒரு நாத்தம் உண்டா, சபாஷ்னு மனசாரச் சொன்னேன். சொல்லிட்டுக் கீழ பாத்தேன். முன்னால போனவன் சரியாத் தண்ணி விடல. எல்லாம் அப்படியே கிடக்கு. நான் அதுக்கு நேர் மேல குனிஞ்சி நிக்கேன், மாஸ்க் இல்லாம, வாய மூடி மூக்கால மூச்சு இழுத்துக்கிட்டு நிக்கேன், ஒரு நாத்தமும் இல்ல. இப்படி ஒரு இடத்துல நாத்தம் வேணும்னு எந்தப் பொம்பளையும் வேண்டியிருக்க மாட்டா. நான் வேண்டினேன். ஏ பிள்ளையாரப்பா, நாறட்டும்யா, கொஞ்சமாவது நாறட்டும். கைப்பையில பெருங்காய டப்பி இருக்கு, கட்டிப் பெருங்காயம், எங்க போனாலும் கொண்டு போவேன், வேற கடைச் சரக்க நம்ப மாட்டேன். அந்த டப்பிய மூடி போட்டுத் துணியில சுத்தி வச்சாலே பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரி என்னம்மா வச்சிருக்கேன்னு கேப்பா. திறந்தேன். மூக்குத் துவாரத்துலயே வச்சேன், இழுத்தேன், ஒரு பொடி உள்ள போயி சுருக்குன்னுச்சு, தும்மல் வாற மாதிரி இருந்துச்சு, அடக்கிட்டேன். சுருக்குன்னுச்சு, அம்புட்டுத்தான். களிமண்ணு கட்டிய மோந்த மாதிரி. மறுபடியும் மோந்தேன். மறுபடியும். கதவத் தட்டுதாங்க.

இப்போ சீட்டுல வந்து உக்காந்துட்டேன், மாஸ்க்கு ரெண்டும் மேல ஏறியாச்சு, மூக்குக் கம்பிய அழுத்தி அழுத்தி விடுதேன், வெளிய ஒரு பொட்டு மூச்சு போயிரப்பிடாது. எதிர்ல எழுதியிருக்கத வாசிக்கேன், பெல்ட்டக் கட்டவும், பெல்ட்டக் கட்டவும். வந்துட்டு. ஆவுடையம்மாளுக்கு வந்துட்டு. எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சி என்ன ஆகப்போவுது, வந்தது வந்துட்டு. எனக்கு ஒண்ணும் ஆகாது, அது இப்பவும் சொல்லுதேன், ரெண்டு நாளு கசாயம் குடிச்சா ஓடிரும், நான் சாகப் பிறந்தவ இல்ல. ஆனா கம்பிக்குப் பக்கத்துல நிக்காரே மனுசன். ஒண்ணு தெரியுமா, யாரும் என்னைய மூக்கப் பத்திக் கேக்கல. ஏறும்போது கேட்டான், காய்ச்சல் உண்டா, இல்ல, இருமல் உண்டா, இல்ல, மூச்சுத் திணறல் உண்டா, இல்ல. எல்லாம் உண்மை. இறங்கும்போதும் அதத்தான் கேப்பான், நானும் உண்மையத்தான் சொல்லுவேன், கையில ஒரு முத்திரை குத்தி வீட்டோட இருங்கம்மான்னு அனுப்பிருவான். வீட்டுக்குப் போயி மாடி ரூம்ல இருந்துக்கிடலாம்ல? அவரு கீழ, நான் மேல. சாப்பாட்ட படியில வைக்கச் சொல்லலாம். கிட்ட வராதியன்னா வர மாட்டாரா? வருவாரு. அது எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் தனியா இருந்த மனுசன், கஞ்சி வைக்கக் கூட போன்ல கேட்டுக் கேட்டு வச்சவரு, நான் மேல இருமினா கீழ படுத்திருப்பாராக்கும். போன வாரமே சொன்னாரு, “உன் உடம்புல பாதி என்கிட்ட இருக்கு, உனக்கு வந்தா எனக்கும் வரட்டும்ட்டி, ஒண்ணாப் போவோம்”னு. வாயில நல்ல வார்த்தையே வராது. ஒண்ணாப் போறதுக்கா வயித்தக் கிழிச்சேன்? உக்காந்து யோசிச்சாச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது, கண்ணாடித் தாளு மங்கிப்போயி முன் சீட்டு தெரியல. வீட்டுக்குப் போகணும். என் அடுக்களையப் பாக்கணும், என் கட்டில்ல படுக்கணும், அவரு என்னப் பாத்து, என்னட்டி இப்படி ஆயிட்டன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அம்புட்டு ஆசையா இருக்கு. ஆசையத் தூக்கி அடுப்புல போடு.

“பிள்ள, ஒண்ணு கேக்கட்டா?” ஜெனிதா பக்கம் திரும்பல, முன் சீட்டப் பாத்துக்கிட்டேதான் கேட்டேன், என் மூச்சு அவ மேல படக்கூடாதுல்லா. “பெருங்காயம் வாசம் தெரியலன்னா அது அதுதானா?” அவ மெதுவா, “எப்போலேருந்து எக்கா?”ன்னா. “முந்தாநாளா இருக்கும். எனக்கே இப்பத்தான் உறைக்கி.” காய்ச்சல் உண்டான்னு கேட்டா, உடம்பு வலி உண்டான்னு கேட்டா, என் மணிக்கட்டப் பிடிச்சி நாடி பாத்தா, பிடிக்காதன்னு உதறினேன், விடல. “எக்கா, வார்டுல நான் பாக்காததா? மணம் போனவங்க முக்காவாசிப் பேரு நடந்தே வீட்டுக்குப் போனவங்கதான். பயப்படாதீங்க. ஆனா இப்போ வீட்டுக்குப் போகப்பிடாது. வீட்டுல யாரு உண்டு?” சொன்னேன். கிட்னி மாத்தினவருன்னு சொன்னேன். அந்தப் பிள்ளை கண்ணு அப்படியே நின்னுட்டு. “அப்போ அவங்க ரூம்பு வாசல்ல கூட நீங்க நிக்கப்பிடாது எக்கா.” தெரியும் தாயி, எனக்குத் தெரியும், ஆனா அடுத்தவங்க வாயால கேட்டாத்தான் கால் அந்தப் பக்கம் போகாம நிக்கும்னுதான் உன்கிட்ட கேட்டேன். மணிய அவதான் அடிச்சா. வெள்ளை உடுப்புப் பிள்ளைகிட்ட நான்தான் சொன்னேன், யாரும் எனக்காகப் பேச வேண்டாம், நல்லாத் தெளிவாச் சொன்னேன், “அம்மா, எனக்கு வாசம் போயிட்டு, எனக்கு வந்திருக்குன்னு நினைக்கேன், இறங்கினதும் ஆம்புலன்ஸ் வேணும்.” சொன்ன பிறகு ஒரு தெம்பு வந்துச்சு, பந்திக்கு எல போட்ட பிறகு வருமே, இனி என்ன ஆனாலும் பாத்துக்கிடலாம்னு, அந்தத் தெம்பு. ஜன்னல்காரரு குப்பியக் கையில பிடிச்சபடியே உறைஞ்சிட்டாரு. “முன்னாடியே தெரியாதாம்மா உங்களுக்கு? எனக்கு வீட்டுல வயசான அப்பா இருக்காரு. இத்தனை நேரம் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இதெல்லாம் நியாயமா?” “நியாயமில்லதான் அண்ணாச்சி. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சிது. மன்னிச்சிருங்க.” அவரு மன்னிக்கல. அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு, எனக்கு வெக்கமா இருந்துச்சு, உள்ளதச் சொன்ன பிறகும் வெக்கமா இருந்துச்சு. அவரு எடத்துல நான் இருந்தா இதுக்கு மேல கத்தியிருப்பேன்.

சக்கரம் தரையத் தொட்டதும், எந்திரிக்காதீங்க எந்திரிக்காதீங்கன்னு மைக்குல கெஞ்சுதா, நம்ம ஆளுக பாதிப் பேரு நின்னுட்டாங்க, இத்தனை நோயிலயும் அது மட்டும் மாறல. வரிசை வரிசையா இறங்கினாங்க. எங்க மூணு பேரையும் கடைசியில இறக்கினாங்க, அவங்க ரெண்டு பேரையும் ஒரு பக்கம் கூட்டிட்டுப் போனாங்க, ஜெனிதா போற போக்குல, “போயிட்டு வாங்க எக்கா, உப்பு போட்ட வெந்நியில கொப்பளிங்க”ன்னா. என்ன ஒரு பக்கக் கதவு வழியாக் கூட்டிட்டுப் போனாரு சுகாதாரத்துல இருந்து வந்த ஆளு, பத்தடி முன்னால அவரு, பத்தடி பின்னால நானு, என் பெட்டிய நானே இழுத்துக்கிட்டு. வெளிய வந்ததும் சென்னை வெயிலு மூஞ்சியில அடிச்சுது. ஆம்புலன்ஸ் தள்ளி நிக்கி. அங்கன இருந்து பாத்தா பயணிகள் வெளிய வாற கண்ணாடிக் கதவும் கம்பியும் நல்லாத் தெரியுது, கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்காரு. மாஸ்க்கு போட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதா, ஒரு தோள் இறங்கின நிலையும் வேட்டிய மடிச்சிக் கட்டின விதமும். கையில தூக்குச்சட்டி. எனக்காகக் காலையில எந்திரிச்சி என்னத்தையோ பொங்கிக் கொண்டு வந்திருக்காரு. இன்னொரு கையத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுதாரு, ஆட்டுதாரு, என்னையப் பாத்து இல்ல. கண்ணாடிக்கு உள்ள போனக் காதுல வச்சபடி பெட்டிக்காகக் காத்துக்கிட்டு நிக்கா ஒருத்தி, அவளும் நடுச் சீட்டுக்காரி போல, என்ன மாதிரியே நீல அங்கி, என்ன மாதிரியே மூஞ்சிக்கு முன்னால கண்ணாடித் தாளு. அவளத்தான் நான்னு நினைச்சி ஆட்டுதாரு. முப்பது வருசம் குடும்பம் நடத்தி நான் நிக்க விதம் தெரியலையாய்யா உமக்கு? வாயி வரைக்கும் வந்துட்டு, அத்தான்னு ஒரு சத்தம் போட்டாத் திரும்பிருவாரு. திரும்பினா ஓடி வருவாரு. பல்லக் கடிச்சிக்கிட்டு வண்டியில ஏறினேன். ஏறின உடனே போன் அடிக்கி.

“ஏட்டி ஆவுட, பாத்துட்டேன்! கண்ணாடிக்குள்ள நிக்கல்லா, இங்கன பாரு, கைய ஆட்டுதேன் பாரு!” நான் வண்டி ஜன்னல் வழியா அவரப் பாக்கேன், அவரு அவளப் பாக்காரு. “எப்படி இருக்கேன்?”னு கேட்டேன். “இளைச்சிட்டட்டி. பாதியாப் போயிட்ட. ஆனா நல்லா இருக்க, முகம் தெளிவா இருக்கு.” முகம் எங்கருந்துய்யா தெரிஞ்சிது உமக்கு. அவ என்னவிட ஒல்லிதான், உள்ளதுதான். பந்தியில பரிமாறுற ஆளுகள விரட்டுவேனே, அந்தக் குரலக் கொண்டு வந்தேன். “பாத்துட்டியள்லா அத்தான்? போதும். இப்போ நான் சொல்லுதத நின்ன எடத்துல இருந்து கேளுங்க. எனக்கு மூக்கு அடங்கிட்டு, ஒரு வாசமும் தெரியல. பாத்தா நல்லாத்தான் இருக்கேன், நீங்களே சொன்னிய. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, சரியானதும் வாறேன். கிட்ட வந்தா அப்புறம் நான் வீட்டுக்கே வர மாட்டேன், சத்தியமாச் சொல்லுதேன்.” அவரு கை மட்டும் மேலயே நிக்கி. ஒரு எட்டு முன்னால வச்சாரு, கம்பியில வயித்த முட்டிக்கிட்டு நின்னாரு. தாண்டிருவாரோன்னு கண்ண எடுக்காமப் பாக்கேன். அந்த நேரத்துல உள்ள நிக்கவ, யாரு பெத்த பிள்ளையோ, யாரோ ஒரு ஆளு இத்தனை நேரமாக் கைய ஆட்டிக்கிட்டு நிக்கானேன்னு நினைச்சாளோ என்னமோ, அவளும் கையத் தூக்கி மெதுவா ரெண்டு ஆட்டு ஆட்டினா. போன்ல அவரு மூச்சு விடுதது கேட்டுச்சு. “சரிட்டி. கைய ஆட்டிட்டல்லா. நான் போறேன். நல்லபடியாப் போயிட்டு வா.” வண்டி கிளம்புது. அவரு தூக்குச்சட்டியோட திரும்பி நாலு எட்டு நடந்தாரு, நின்னாரு, மறுபடியும் ஒரு தடவ திரும்பி அந்தக் கண்ணாடிக் கதவையே பாத்தாரு. அவளத்தான் பாத்தாரு. அதையும் எனக்குன்னே எடுத்துக்கிட்டேன்.